சாய்த்துப் பார்க்காத படம்

நான் வேலை பார்த்த அச்சகத்தில் இப்போது கணினியில் படம் திருத்தும் பிள்ளைகள் இரண்டு பேர் சென்ற மாதம் என்னைப் பார்க்க வந்தார்கள். படத்தின் பின்புறத்தை அவர்கள் ஒரு தட்டலில் அழித்துவிடுகிறார்களாம். "அந்தக் காலத்துல நீங்க எப்படி அழிப்பீங்க?" என்று கேட்டார்கள். எப்படி அழித்தோம் என்பதைச் சொன்னேன். எதை அழித்தேன் என்பதைச் சொல்லவில்லை. அதை இங்கே எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் சாணார்பட்டி. பள்ளி இறுதித் தேர்வில் கணக்கில் தவறியதும் மதுரையில் ஒரு நாளிதழின் பிளாக் பிரிவில் சேர்ந்தேன். பிளாக் என்பது படத்தை அச்சடிக்க உதவும் துத்தநாகத் தகடு. போட்டோவைக் கண்ணாடித் திரை வழியாகப் பெரிய காமிராவில் எடுத்து, புள்ளி புள்ளியாகத் தகட்டில் இறக்கி, ஆசிடில் அரிக்கவிட்டு, மரக்கட்டையில் ஆணியடித்துத் தருவோம். காமிராவுக்குப் போகும் முன்பு போட்டோவைச் சுத்தம் செய்ய வேண்டும். அது ரீடச்சரின் வேலை. என்னுடையது அதுதான்.

நாளிதழ்த் தாள் சொரசொரப்பானது. படத்தில் மங்கலாக இருப்பதெல்லாம் அதில் அழுக்காகத்தான் விழும். ஆகவே எது முக்கியமோ அதை வைத்துக்கொண்டு மற்றதைக் கறுப்பாலோ வெள்ளையாலோ பூசி அடைத்துவிடுவோம். அதற்கு எங்கள் பிரிவில் 'கட்டுவது' என்று பெயர். மேடையில் பேசுகிறவரின் தலைக்குப் பின்னால் நிற்கும் மரத்தைக் கட்டுவேன். பரிசுக் கோப்பை வாங்குகிறவரின் தோளில் கிடக்கும் யாரோ ஒருவரின் கையைக் கட்டுவேன். இறந்துபோனவருக்கு உயிரோடிருந்தபோது எடுத்த படம் இல்லையென்றால், நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து எடுத்த படம் வரும். மூடிய இமைகளின் மேல் கண் வரைவேன். மறுநாள் பேப்பரில் அவர் விழித்துக்கொண்டிருப்பார். குடும்பத்தார் நன்றி தெரிவித்துக் கடிதம் எழுதுவார்கள்.

ஆசிரியர் குழுவின் மேஜையிலிருந்து வரும் படங்களில் பாதிக்கு மேல் டீ கிளாஸ் வட்டம் இருக்கும். படங்களை அவர்கள் கிளாஸ் வைக்கும் தட்டாகப் பயன்படுத்தினார்கள். முதல் வாரத்திலேயே எனக்கு ஒன்று சொல்லித் தந்தார்கள். கறையா, படமா என்று சந்தேகம் வந்தால் படத்தை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்க்க வேண்டும். மேலே பட்ட கறையானால் அந்த இடத்தில் பளபளப்பு உடையும். படத்துக்குள்ளேயே இருப்பதானால் பளபளப்பு ஒரே சீராக ஓடும். சில நூறு டீ கிளாஸ் வட்டங்களுக்குப் பிறகு நான் சாய்த்துப் பார்ப்பதை விட்டுவிட்டேன். பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. தெரிந்ததாக நினைத்தேன்.

ஐம்பதுகளின் பிற்பாதியில் திண்டுக்கல்லில் ஓர் அச்சகம் சொந்தமாக பிளாக் பிரிவு தொடங்கியது. ஊருக்குப் பக்கம் என்பதால் அங்கே வந்து சேர்ந்தேன். முதல் ஓராண்டு தற்காலிக வேலை. அதன் பிறகு முதலாளி நிரந்தர உத்தரவு தருவார், அல்லது தரமாட்டார்.

போர்மேன் சுந்தரராசு வத்தலக்குண்டிலிருந்து தினமும் முதல் பஸ்ஸில் வருவார். வந்ததும் துண்டை எட்டாக மடித்து ஸ்டூலில் போட்டு அதன்மேல் உட்காருவார். முடிந்த பிளாக்கை அவரிடம் கொடுத்தால் பூதக்கண்ணாடியை எடுக்கமாட்டார். கண்ணை மூடிக்கொண்டு இடது கட்டைவிரலைத் தகட்டின் மேல் மெதுவாக ஓட்டுவார். ஆசிட் கூடுதலாகத் தின்ற இடத்தில் விரல் நின்றுவிடும். அந்த இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துத் திருப்பித் தருவார். ஒருநாளும் அவர் விரல் பொய் சொல்லிப் பார்த்ததில்லை. அவர் யாரையும் அதட்டியதும் இல்லை. எங்களையெல்லாம் 'ஏலே' என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தால் மட்டும் மரியாதை கொடுப்பார். 'என்னங்க, ஆசிடைக் கலக்கினீங்களா?' என்று கேட்டுவிட்டால் அன்று அவனுக்குச் சோறு இறங்காது.

எங்கள் அச்சகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. புத்தகம் எழுதியவருக்குப் பிழை பார்க்க எழுத்துப் புரூப் போகும். படம் வரவேண்டிய இடத்தில் வெறும் கட்டம் போட்டு 'பிளாக்' என்று எழுதியிருக்கும். பிளாக்கின் புரூபை எழுதியவருக்குக் காட்டுவதில்லை. காட்டினால் மூக்கு சரியில்லை, நிழல் கூடுதல் என்று ஆரம்பிப்பார்கள் என்பது போர்மேனின் கட்சி. யாராவது கேட்டால், "ஆக்கப் பொறுத்தவுகளுக்கு ஆறப் பொறுக்காதா சார்?" என்று சிரித்து அனுப்பிவிடுவார். அதேபோல், எழுத்து, அச்சுக் கோக்கும் கம்போசிங் பிரிவுக்குப் போகும், படம் எங்களுக்கு வரும். எந்தப் படம் எதைப் பற்றியது என்று நாங்கள் படிப்பதில்லை. பக்கம் அமைக்கும்போதுதான் இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கும்.

சவரிமுத்து சார் திண்டுக்கல்லிலேயே ஓர் உயர்நிலைப்பள்ளியில் அறிவியல் ஆசிரியர். வேட்டியின் ஓரத்தை சைக்கிள் கிளிப்பில் செருகிக்கொண்டு வரும் ஒல்லியான மனிதர். ருஷ்யாக்காரர்கள் ஆகாயத்தில் கோளை விட்ட பிறகு ஊரே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த சமயம். பள்ளி நூலகங்களுக்கு வானியல் புத்தகங்கள் வேண்டும் என்று ஒரு தேர்வுக்குழு அறிவித்திருந்தது. அவர் பல வருஷங்களாக எழுதி வைத்திருந்ததை எடுத்து வந்தார். அதில் ஒரே ஒரு பெரிய படம். ஏதோ வெளிநாட்டு வானாராய்ச்சிக் கூடத்துக்குத் திரும்பத் திரும்பக் கடிதம் எழுதி வாங்கிய போட்டோ. போர்மேனிடம் கொடுத்துவிட்டுப் போனார். நான் அப்போது அவரிடம் பேசவில்லை.

படம் என் மேஜைக்கு வந்தது. உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரியது. நல்ல பளபளப்பு. கறுப்புப் பின்னணியில் நடுவே பயறு அளவுக்கு ஒரு வெள்ளைக் கரு. அதன் குறுக்கே இருபுறமும் நீண்ட ஒரு பட்டை. அதைச் சூழ்ந்து மங்கிய தட்டு ஒன்று. பிறகு இருட்டு. அந்த இருட்டுக்கும் வெளியே, எதையும் தொடாமல், வெளிறிய ஒரு வட்டம். ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் அறுந்தும் இருந்தது. டீ கிளாஸ் வட்டமும் அப்படித்தான் இருக்கும். கிளாஸின் அடி எல்லாப் பக்கமும் ஒரேமாதிரி ஈரமாக இருப்பதில்லை.

"அண்ணே, டீ கிளாஸ் வட்டம் விழுந்திருக்கு. கட்டிரவா?" என்றேன்.

போர்மேன் தலையைத் தூக்கவில்லை. "கட்டுலே. இதையெல்லாம் என்னத்துக்குக் கேக்குற? வாத்தியார் வீட்லயும் டீ குடிப்பாகல்ல?"

வழக்கமாக அசல் படத்தை வைத்துவிட்டு ஒரு நகல் எடுத்து அதில்தான் பூசுவோம். தேர்வுக்குழுவுக்குப் பிரதிகள் அனுப்ப நாள் குறைவாக இருந்ததால் அசலிலேயே பூசினேன். இரண்டாம் நம்பர் பிரஷ். தண்ணீரில் கரைத்த கறுப்பு. உள்ளே இருந்த தட்டின் ஓரத்தை விட்டு மூன்று நூல் தள்ளி ஆரம்பித்து, வெளியே ஒரு சுற்று, இன்னொரு சுற்று. இருட்டில் அங்கங்கே சிதறிக் கிடந்த வெள்ளைப் புள்ளிகளில் பெரியவற்றை விட்டேன். சிறியவை தூசி என்று அடைத்தேன். கால் மணி நேரம் ஆகியிருக்கும். படத்தைக் கையில் எடுத்து ஜன்னல் பக்கம் சாய்க்க ஒரு நொடி போதும். ஜன்னல் என் வலப்பக்கத்தில்தான் இருந்தது.

பிளாக் அருமையாக வந்தது. போர்மேனின் விரல் எங்கும் நிற்கவில்லை. "சுத்தமா இருக்குலே" என்றார். அவர் வாயால் நான் வாங்கிய பாராட்டுகள் மிகக் குறைவு. அதில் ஒன்று இது.

தேர்வுக்குழுவுக்கான பிரதிகள் அச்சகத்திலிருந்தே நேராகத் தபாலில் போயின. மற்ற புத்தகக் கட்டுகளும் அசல் படமும் இரண்டு நாள் கழித்துச் சாரின் வீட்டுக்குப் போயின. அதற்கு மறுநாள் காலையில் அவர் வந்தார். பள்ளிக்கூட நேரத்தில் வந்ததால் லீவு போட்டிருக்கிறார் என்று தெரிந்தது. சைக்கிள் கிளிப்பைக் கழற்றக்கூட இல்லை. முதலாளி உட்காரச் சொன்னார். அவர் உட்காராமல் புத்தகத்தைத் திறந்து மேஜையில் வைத்தார்.

"வளையத்தைக் காணோம்" என்றார்.

முதலாளி புத்தகத்தைப் பார்த்தார். போர்மேனைக் கூப்பிட்டார். போர்மேன் என்னைக் கூப்பிட்டார்.

"நம்ம பால்வீதி மாதிரி அதுவும் ஒரு நட்சத்திரக் கூட்டம்ங்க" என்று சார் முதலாளியிடம் சொன்னார். வகுப்பில் சொல்வதுபோல் நிதானமாகச் சொல்ல முயன்றார். "ஆனா மத்ததுக்கு இருக்கிற மாதிரி சுருள் சுருளா கை இதுக்கு இல்ல. நடுவுல குறுக்க ஒரு பட்டை, சுத்தி ஒரு தட்டு, அம்புட்டுத்தான். கை இல்லாததுக்கு வெளியில தனியா ஒரு வளையம் எப்புடி வந்துச்சு? பெரிய பெரிய ஆளுகளுக்கே இன்னும் தெளிவா தெரியல. எட்டாவது அத்தியாயம் முழுக்க அந்தக் கேள்விதான். 'பக்கத்தில் உள்ள படத்தில் வெளி வளையத்தைக் காண்க'ன்னு மூணு எடத்துல எழுதியிருக்கேன். படத்துல வளையம் இல்ல."

"குடுத்த படத்துல இருந்தாத்தான சார் பிளாக்குல வரும்?" என்றார் போர்மேன்.

"இருக்கு. இந்தா இருக்கு." சட்டைக்குள்ளிருந்து ஒரு நோட்டை எடுத்து அதற்குள்ளிருந்த போட்டோவை வைத்தார். "திரும்பி வந்தப்ப இதுலயும் வளையம் இல்ல. என் கண்ணுலதான் கோளாறுன்னு நெனச்சேன். தூசியா இருக்குமோன்னு ஈரத்துணிய வச்சு ஓரத்துல தொடச்சேன். கறுப்பு கையோட வந்துச்சு. உள்ளருந்து வளையம் எட்டிப் பாத்துச்சு. சீட்டுக்கூட எழுதிக் குண்டூசி குத்திக் குடுத்தேனே, 'வளையம் முக்கியம்'னு?"

"குண்டூசி குத்துனா படம் பாழாயிரும் சார். வந்த ஒடனே எடுத்துருவோம்" என்றார் போர்மேன். அந்தச் சீட்டை அவர் எங்கே வைத்தார் என்று யாரும் கேட்கவில்லை.

சார் கேட்டது பெரிய காரியம் அல்ல. தேர்வுக்குழு கூடுவதற்கு இன்னும் பத்து நாள் இருந்தது. புதிதாக ஒரு பிளாக் எடுத்து, அந்த ஒரு தாளை மட்டும் அச்சடித்து, 'படத்தில் நேர்ந்த பிழை அச்சகத்துடையது' என்று ஒரு வரி எழுதிக் குழுவுக்கு அனுப்ப வேண்டும். எங்களுக்கு அது அரை நாள் வேலை.

முதலாளி போர்மேனைப் பார்த்தார். போர்மேன் போட்டோவை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"நீங்கதான கட்டுனீங்க? நல்லா பாத்துச் சொல்லுங்க. இது படமா, கறையா?"

நீங்க என்றார். அச்சகத்தில் அத்தனை பேருக்கும் அதன் பொருள் தெரியும். சவரிமுத்து சாருக்குத் தெரியாது. என்னை மதித்துக் கேட்கிறார் என்று எண்ணி அவரும் நம்பிக்கையோடு என் பக்கம் திரும்பினார்.

நான் படத்தை வாங்கி ஜன்னல் பக்கம் சாய்த்தேன். ஈரத்துணி பட்ட இடங்களில் லேசான மங்கல் இருந்தது. அது துணி போன போக்கில் கோடு கோடாகப் போயிற்று. வளையம் அதோடு சேரவில்லை. வளையத்தின் மேல் பளபளப்பு ஒரே சீராக ஓடியது. தடித்த பக்கத்திலும் உடையவில்லை, அறுந்த பக்கத்திலும் உடையவில்லை. அது படத்துக்குள்ளே இருந்தது. எவ்வளவு தூரத்திலிருந்தோ வந்து அந்தத் தாளில் விழுந்திருந்தது. நான் சாய்த்ததைப் போர்மேனும் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன தெரிந்திருக்கும் என்று அவருக்கும் தெரியும்.

முதலாளியின் இழுப்பறையில் என்னுடைய நிரந்தர உத்தரவு தட்டச்சு செய்து கையெழுத்துக்காகக் கிடந்தது. இதை ஒரு சமாதானமாக எழுதவில்லை. அந்த நேரத்தில் அது என் நினைவில் இருந்தது என்பதற்காக எழுதுகிறேன்.

"டீ கிளாஸ் வட்டம்ங்க" என்றேன். "தொடச்சதுல ஊறிப் பெருசா தெரியுது."

முதல் தடவை அதே வார்த்தையைச் சொன்னபோது நான் நம்பிச் சொன்னேன்.

முதலாளி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "பாத்தீங்களா சார்? கைத்தொழில்காரன் சொல்றான்."

சவரிமுத்து சார் என்னிடமிருந்து படத்தை வாங்கி நோட்டுக்குள் வைத்தார். சட்டைக்குள் செருகினார். வாசல்வரை போய்த் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை.

"எங்க வீட்ல டீ, காப்பி குடிக்கிற பழக்கம் இல்ல, தம்பி."

அவ்வளவுதான். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். ஏறவில்லை.

அன்று மாலை போர்மேன் கை கழுவும் இடத்தில் என்னிடம் சொன்னார்: "ஒருக்க ஒத்துக்கிட்டம்னு வையி, நாளையிலருந்து ஒவ்வொரு வாத்தியாரும் பிளாக்கு புரூபைக் காட்டுன்னு வந்து நிப்பான். தொழில் பண்ண முடியுமாலே?" 'லே' திரும்ப வந்துவிட்டது. என் உடம்பிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. அந்த நிம்மதியை இன்று நினைத்தால்தான் எனக்கு அதிகம் கூசுகிறது.

அவர் கெட்டவர் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பிளாக் பிரிவைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தார், காப்பாற்றினார். பொய்யை அவர் சொல்லவில்லை. கேள்வி மட்டுமே அவருடையது.

தேர்வுக்குழு புத்தகத்தைத் தள்ளிவிட்டது. படத்தில் இல்லாத ஒன்றை இருப்பதாகத் திரும்பத் திரும்ப எழுதுகிறவரின் நூலை மாணவர் கையில் கொடுப்பதற்கில்லை என்று அவர்கள் பதில் எழுதியதாகப் பள்ளியில் பேச்சு அடிபட்டது. சக ஆசிரியர்கள் அந்தக் கடிதத்தை ஓய்வறையில் வாசித்துச் சிரித்தார்கள். சிரிப்பு வகுப்பறைக்கு வர எத்தனை நாள் ஆகும்? அவருக்கு 'வளையம் சார்' என்று பேர் விழுந்தது. அவர் வீட்டு வெளிக்கதவில் பையன்கள் சாக்பீசால் வட்டம் போட்டார்கள். நான் வேலைக்குப் போகும் வழி அது. காலையில் ஈரத்துணியால் அவர் அதைத் துடைத்துக்கொண்டிருப்பதை இரண்டு மூன்று தடவை பார்த்தேன். பிறகு வேறு தெரு வழியாகப் போக ஆரம்பித்தேன். சுற்றுவழிதான். ஆனால் போய்ச் சேர்ந்துவிடலாம்.

அடுத்த மாதம் எனக்கு உத்தரவு வந்தது. கல்யாணம் ஆயிற்று. சுந்தரராசு அண்ணன் ஓய்வு பெற்றார். அறுபதுகளின் நடுவில் அந்த ஸ்டூலில் நான் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் முதலில் செய்தது, பிளாக் புரூபை எழுதியவருக்கு அனுப்பும் ஏற்பாடு. தொழில் ஒன்றும் கெட்டுவிடவில்லை. இரண்டொருவர் மூக்கு சரியில்லை என்றார்கள். திருத்திக் கொடுத்தோம்.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து ஒருநாள் எரியோட்டிலிருந்து ஒருவர் வந்தார். தோளில் துண்டு, கையில் துணிப்பை, முழங்காலில் காய்ந்த செம்மண். சவரிமுத்து சாரின் தம்பி என்றார். அண்ணன் இறந்து ஒரு வாரம் ஆகிறது, முப்பதாம் நாள் பூசைக்கு நினைவுக் கார்டு அடிக்க வேண்டும் என்றார்.

"அண்ணனுக்கு வேற போட்டா இல்லங்க. பொஸ்தகத்துக்குப் பின்னாடி ஒண்ணு இருக்கு. அந்தத் தகடு உங்ககிட்ட கெடக்குமில்ல?"

பழைய பிளாக்குகளை நாங்கள் தூக்கிப் போடுவதில்லை. அலமாரியில் அவர் பெயரெழுதிய பொட்டலம் இருந்தது. பிரித்தேன். உள்ளே இரண்டு பிளாக்குகள். ஒன்று அவர் முகம். இன்னொன்று அந்தப் படம். முகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தேன்.

அடையாளத்துக்கு அவர் கொண்டுவந்த புத்தகம் மேஜையில் கிடந்தது. எட்டாவது அத்தியாயத்தைத் திறந்தேன். படத்தில் வளையம் இருந்தது.

வெள்ளை மையால் போட்டிருந்தார். காம்பஸால் போட்ட, எங்கும் அறாத, எங்கும் தடிக்காத, கம்பி மாதிரியான வட்டம். அசல் வளையம் அப்படி இருக்காது. ஓரத்தில் கரைந்து, ஒரு பக்கம் அறுந்து இருக்கும். அதை அப்படிப் போட ரீடச்சர் கை வேண்டும். நடுவில் இருந்த வெள்ளைக் கருவில் காம்பஸ் முள் குத்திய துளை இருந்தது.

"எல்லாப் பொஸ்தகத்துலயும் போட்டு வச்சிருக்காருங்க" என்றார் தம்பி. "வீடு முழுக்கக் கட்டு கட்டா கெடக்கு. ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போய்ட்டு வந்தா இதேதான் வேலை. செத்த நேரம் படுங்கண்ணேம்பேன். 'நாலு போட்டுட்டு வாரேன்'பாரு. எதுக்குண்ணே, யாரு வாங்கப் போறான்னா, 'வாங்காட்டி என்ன, தப்பா இருக்கக் கூடாதுல்ல'ம்பாரு."

நான் அந்தப் பக்கத்தை ஜன்னல் பக்கம் சாய்த்தேன். பழக்கம். தாளின் பளபளப்பு வட்டம் முழுக்க உடைந்து தெரிந்தது. என் தொழிலின் சோதனைப்படி அது மேலே பட்ட கறை. நடுத்துளை வழியாக வெளிச்சம் வந்தது.

தம்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, நீங்க இந்தத் தொழில்ல இருக்கிறவுக. ஊரெல்லாம் அதைச் சொல்லித்தான் சிரிச்சானுக. அந்த வளையம் நெசமாவே உண்டா, இல்ல அண்ணனாக் கெளப்பி விட்டதா?"

"உண்டு" என்றேன்.

"பொறவு எதுக்கு நீங்க போடல?"

நான் ஆர்டர் புத்தகத்தைத் திறந்து, எத்தனை கார்டு வேண்டும் என்று கேட்டேன்.